எட்டுக் கணினிகளும் ஒரு ஸ்கிரிப்டும்: லினக்ஸ் கட்டளை வரிக்கு ஓர் எளிய அறிமுகம்

எங்கள் ஊர் நூலகத்துக்கு ஒருமுறை எட்டுப் பழைய கணினிகள் நன்கொடையாக வந்தன. அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, தமிழ் எழுத்துரு, தமிழ்99 விசைப்பலகை, தமிழில் லிப்ரே ஆபீஸ் எல்லாம் அமைத்துத் தருவதாக ஒப்புக்கொண்டேன். முதல் கணினியை மவுஸை வைத்தே முடித்தேன். அமைப்புகளுக்குள் போய் மொழி எங்கே இருக்கிறது என்று தேடுவது, மென்பொருள் கடையைத் திறந்து ஒவ்வொன்றாக நிறுவுவது, நேரத்தைச் சரிசெய்வது என்று ஒன்றரை மணி நேரம் போனது. இரண்டாவது கணினியின் முன் உட்கார்ந்தபோதுதான் சிக்கல் புரிந்தது. முதலாவதில் எதை எந்த வரிசையில் செய்தேன் என்பதில் பாதிதான் நினைவிலிருந்தது. இன்னும் ஏழு கணினிகள் பாக்கி.

மவுஸால் செய்யும் வேலை செய்து முடித்ததும் மறைந்துவிடுகிறது. பத்து இடத்தில் சொடுக்கினோம் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. அதே வேலையைக் கட்டளைகளாகத் தட்டியிருந்தால் பத்து வரி எழுத்து கையில் இருக்கும். எழுத்தை நகலெடுக்கலாம், திருத்தலாம், நண்பருக்கு அனுப்பலாம், எட்டுக் கணினியில் எட்டு முறை ஓட்டலாம். கட்டளை வரியைக் கற்றுக்கொள்ள இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை. வேகம், திறமை என்றெல்லாம் பலர் சொல்வார்கள். எனக்கு முக்கியம், செய்த வேலை எழுத்தாக நிற்பதுதான்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டளைகளை நாம் வாயால் சொல்வதுபோலத் தமிழ் எழுத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன். கணினியில் அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்ட வேண்டும். 'எல்எஸ்' என்று படித்தால் எல், எஸ் என்ற இரண்டு விசைகள். அவ்வளவுதான்.

கருப்புத் திரைக்குள் யார் இருக்கிறார்

உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஒரு ஜன்னல் திறக்கும். அது டெர்மினல். அது வெறும் ஜன்னல்தான். நீங்கள் தட்டுவதை உள்ளே அனுப்பும், பதிலைத் திரையில் காட்டும். உள்ளே உட்கார்ந்து உங்கள் வரியைப் படித்து, புரிந்துகொண்டு, உரிய நிரலை ஓட்டுவது ஷெல் என்ற வேறொரு நிரல். பெரும்பாலான லினக்ஸ் கணினிகளில் அந்த ஷெல்லின் பெயர் பாஷ். குனூ என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக பிரயன் ஃபாக்ஸ் எழுதி 1989-இல் வெளிவந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னலை (இயங்குதளத்தின் மையப் பகுதியை) அறிவித்தது 1991-இல். ஆக, நாம் லினக்ஸோடு பேசப் பயன்படுத்தும் ஷெல்லுக்கு லினக்ஸைவிட வயது அதிகம்.

கட்டளைகளின் பெயர்கள் ஏன் இப்படி இரண்டெழுத்திலும் மூன்றெழுத்திலும் இருக்கின்றன என்று புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பார்கள். இவற்றில் பல 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்தவை. அன்றைக்குத் திரை கிடையாது. டெலிடைப் என்ற தட்டச்சுப் பொறியில்தான் கணினியோடு பேசினார்கள். அதில் பரவலாக இருந்த மாடல் 33 நொடிக்கு 10 எழுத்துதான் அச்சிடும், விசைகளும் கனமானவை. அப்படிப்பட்ட இயந்திரத்தில் நாள் முழுவதும் வேலை செய்பவர் பெயரைச் சுருக்காமல் என்ன செய்வார்? இது தெரிந்த பிறகு அந்தப் பெயர்கள்மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டது.

அந்தக் காலத்துச் சிக்கனம் இன்னொரு பழக்கத்திலும் தெரியும். பல கட்டளைகள் வேலையைச் சரியாக முடித்தால் எதுவுமே சொல்லாது. ஒரு கோப்பை நகலெடுத்தால் 'நகலெடுத்தாயிற்று' என்று வராது. அடுத்த வரி தட்டக் காத்திருக்கும், அவ்வளவுதான். புதியவர்கள் எதுவும் நடக்கவில்லை என்று நினைத்து மறுபடியும் தட்டுவார்கள். வேண்டாம். தவறு நடந்தால் மட்டும்தான் அது பேசும். பேசினால் அந்தச் செய்தியைக் கட்டாயம் படியுங்கள். ஆங்கிலத்தில் இருப்பதால் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் என்ன தவறு என்பது பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே இருக்கும்.

நடமாடப் பழகுவது

விண்டோஸில் சி, டி என்று தனித்தனி டிரைவ்கள் இருக்கும். லினக்ஸில் எல்லாமே ஒரே மரம். வேர் என்பது ஒற்றைச் சாய்கோடு, '/'. அதிலிருந்துதான் எல்லாக் கிளைகளும் பிரிகின்றன. கணினி முழுவதற்குமான அமைப்புகள் 'இடிசி' என்ற கோப்புறையில் இருக்கும். ஒவ்வொருவருடைய சொந்தக் கோப்புகளும் 'ஹோம்' என்பதற்குள் அவரவர் பெயரில் இருக்கும். மற்றதைப் பிறகு தெரிந்துகொள்ளலாம். இந்த இரண்டையும் மட்டும் இப்போதே மனதில் வையுங்கள். கணினிக்கு உரியது ஒரு இடம், ஆளுக்கு உரியது வேறு இடம். பின்னால் நான் பட்ட பாடு முழுக்க இந்த வேறுபாட்டால் வந்ததுதான்.

எங்கே நிற்கிறோம் என்று கேட்க 'பிடபிள்யூடி'. சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க 'எல்எஸ்'. இன்னொரு கோப்புறைக்குப் போக 'சிடி'. ஒருபடி மேலே வர 'சிடி ..'. புதுக் கோப்புறைக்கு 'எம்கேடிர்', நகலெடுக்க 'சிபி', இடம் மாற்றவும் பெயர் மாற்றவும் 'எம்வி', ஒரு கோப்பைப் படித்துப் பார்க்க 'லெஸ்'. படித்து முடித்ததும் கியூ விசையைத் தட்டினால் வெளியே வரலாம். இவற்றை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. இரண்டு நாள் கோப்பு மேலாளரைத் திறக்காமல் டெர்மினலிலேயே வேலை செய்யுங்கள், தானாக விரல்களில் வந்துவிடும்.

கோப்புகளின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். 'எம்கேடிர் கதைகள்' என்றால் கதைகள் என்ற கோப்புறை உருவாகும். அப்புறம் 'சிடி க' வரை தட்டிவிட்டு டேப் விசையை அழுத்தினால் மீதிப் பெயரை ஷெல்லே நிரப்பிக்கொள்ளும். டேப் விசையை அடிக்கடி பயன்படுத்துங்கள். தட்டச்சுப் பிழைகளில் முக்கால்வாசி அதனாலேயே தீரும். பெயரில் இடைவெளி இருந்தால் மட்டும் கவனம்: 'சிறுகதை தொகுப்பு' என்பதை அப்படியே தட்டினால் ஷெல் அதை இரண்டு தனிப் பெயர்களாகப் படிக்கும். மேற்கோள் குறிக்குள் போட வேண்டும்.

'ஆர்எம்' என்பது அழிக்கும் கட்டளை. குப்பைத் தொட்டிக்குப் போகாது, அழித்தால் போனதுதான். கோப்புறையை உள்ளிருப்பதோடு சேர்த்து, கேட்காமலேயே அழிக்கும் 'ஆர்எம் -ஆர்எஃப்' என்பதை யாராவது இணையத்தில் எழுதியிருந்தால், அந்த வரி எந்தக் கோப்புறையைத் தொடுகிறது என்று புரியாமல் தட்டாதீர்கள். நான் இன்றைக்கும் அழிப்பதற்கு முன் அதே பெயரோடு 'எல்எஸ்' போட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழிக்கிறேன்.

குழாய்

கட்டளை வரியின் அழகு எங்கே என்று கேட்டால் நான் காட்டும் இடம் இதுதான். ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலின் உள்ளே ஊற்றலாம். தோட்டத்தில் ஒரு குழாயோடு இன்னொரு குழாயை மாட்டுவதுபோல நிரல்களை இணைக்க வேண்டும் என்ற யோசனையை பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் 1964-லேயே எழுதி வைத்திருந்தார். 1973-இல் கென் தாம்ப்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். குறி ஒரு செங்குத்துக் கோடு: |

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். 'கதை' என்ற பெயரில் ஏதாவது ஒரு தமிழ் உரையை ஒரு கோப்பில் சேமியுங்கள். பிறகு இதைத் தட்டுங்கள்:

டிஆர் ' ' '\என்' < கதை | சார்ட் | யூனிக் -சி | சார்ட் -ஆர்என் | ஹெட்

அந்தக் கதையில் அதிகம் வந்த பத்துச் சொற்கள், எண்ணிக்கையோடு திரையில் வந்து நிற்கும். 'டிஆர்' ஒவ்வொரு இடைவெளியையும் புது வரியாக மாற்றுகிறது. ஆக வரிக்கு ஒரு சொல். 'சார்ட்' அவற்றை அகரவரிசைப்படுத்துகிறது. 'யூனிக்' அடுத்தடுத்து வரும் ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கி எண்ணுகிறது. அதற்குப் பக்கத்து வரியை மட்டும்தான் ஒப்பிடத் தெரியும், அதனால்தான் முன்னாலேயே வரிசைப்படுத்தினோம். மறுபடி 'சார்ட்', இந்த முறை எண்ணிக்கைப்படி, பெரியது மேலே. 'ஹெட்' முதல் பத்து வரிகளை மட்டும் விடுகிறது. நிறுத்தற்குறி ஒட்டிய சொற்களைத் தனிச் சொல்லாக எண்ணும், அது இருக்கட்டும். நான்கு சின்ன நிரல்கள், தமிழ் என்ற மொழி இருப்பதையே அறியாதவை, சேர்ந்து ஒரு தமிழ்க் கதையின் சொற்களை எண்ணிக் கொடுத்துவிட்டன. முதன்முறை இதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது.

அந்த வரியில் வந்த '<' குறி, கோப்பிலிருந்து எடு என்று சொல்கிறது. '>' என்றால் வெளியீட்டைக் கோப்பில் எழுது. ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். '>>' என்றால் இருப்பதன் கடைசியில் சேர். ஒற்றைக்கும் இரட்டைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்காமல் கோப்பை இழந்தவர்கள் ஏராளம்.

நூலகத்துக்குத் திரும்புவோம்

உபுண்டு, டெபியன் குடும்பத்தில் மென்பொருளை நிறுவ 'ஏபிடி' என்ற கட்டளை. 'சுடோ ஏபிடி அப்டேட்' என்றால் என்னென்ன மென்பொருள் எந்தப் பதிப்பில் கிடைக்கிறது என்ற பட்டியலைப் புதுப்பிக்கும். பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் மேம்படுத்திவிடும் என்று நினைக்க வேண்டாம். அதற்கு 'அப்கிரேட்' என்று தனியாக இருக்கிறது. 'ஏபிடி சர்ச்' போட்டு அடுத்து தமிழ் என்பதை ஆங்கிலத்தில் கொடுத்தால் தமிழ் தொடர்பான பேக்கேஜ்களின் (நிறுவத் தயாராக இருக்கும் மென்பொருள் பொதிகளின்) சரியான பெயர்கள் வரும். எழுத்துருக்கள், லிப்ரே ஆபீஸின் தமிழ் இடைமுகம், படத்திலிருந்து தமிழ் எழுத்தைப் படித்தெடுக்கும் டெசராக்ட்டின் தமிழ்த் தரவு என்று பல இருக்கின்றன. விசைப்பலகைக்கு 'ஐபஸ்-எம்17என்' என்பதை நிறுவினால் தமிழ்99 கிடைக்கும், ஒலிபெயர்ப்பு முறையும் சேர்ந்தே வரும்.

முன்னால் வரும் 'சுடோ' என்ன? கணினி முழுவதையும் பாதிக்கும் மாற்றத்தைச் செய்ய, நிர்வாகியின் அதிகாரம் வேண்டும். லினக்ஸில் அந்த நிர்வாகியின் பெயர் ரூட். 'இந்த ஒரு கட்டளையை மட்டும் ரூட்டாக நின்று செய்' என்று கேட்பதுதான் சுடோ. கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் நட்சத்திரமோ புள்ளியோ வராமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிட்டதென்று பயப்படாமல் தட்டி எண்டரை அழுத்துங்கள்.

இரண்டாவது கணினியில் நான் மவுஸைத் தொடவில்லை. ஒவ்வொரு வேலைக்கும் உரிய கட்டளையைத் தேடிப் பிடித்துத் தட்டினேன். மவுஸில் செய்ததைவிட அதிக நேரம் ஆனது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல்முறை எப்போதும் கட்டளை வரி மெதுவாகத்தான் இருக்கும். ஆனால் முடித்த பிறகு 'ஹிஸ்டரி' என்று தட்டினேன். அன்றைக்குத் தட்டிய ஒவ்வொரு வரியும் எண்ணிட்டு வரிசையாக வந்தது. தப்பாகத் தட்டியவற்றை நீக்கிவிட்டுச் சரியானவற்றை ஒரு கோப்பில் ஒட்டினேன். அதுதான் என் முதல் ஸ்கிரிப்ட். ஸ்கிரிப்ட் என்றால் இவ்வளவுதான்: நீங்கள் ஒவ்வொன்றாகத் தட்டியிருக்கக்கூடிய கட்டளைகள், ஒரு கோப்பில், வரிக்கு ஒன்றாக. புதிய மொழி எதையும் கற்க வேண்டியதில்லை.

கோப்பை எழுத 'நேனோ' என்ற எளிய எடிட்டர் போதும். கன்ட்ரோல் ஓ சேமிக்கும், கன்ட்ரோல் எக்ஸ் வெளியேறும். முதல் வரி மட்டும் ஒரு சிறப்பு வரி: '#!' என்ற இரண்டு குறிகள், அடுத்து '/பின்/பாஷ்'. இந்தக் கோப்பைப் பாஷ் படிக்கட்டும் என்று கணினிக்குச் சொல்வது அது. அப்புறம் 'சிஎச்மாட் +எக்ஸ்' என்று போட்டுக் கோப்பின் பெயரைக் கொடுத்தால் அதை ஓட்டும் உரிமை கிடைக்கும். ஓட்டும்போது பெயருக்கு முன்னால் './' சேர்க்க வேண்டும். நிற்கும் கோப்புறையில் கட்டளைகளைத் தேடும் வழக்கம் ஷெல்லுக்கு இல்லை; இங்கேயே இருப்பதைத்தான் சொல்கிறேன் என்று நாம் காட்ட வேண்டும். சிலர் 'எஸ்எச்' என்று போட்டு ஓட்டச் சொல்வார்கள். உபுண்டுவில் 2006 முதல் அந்தப் பெயரில் இருப்பது பாஷ் அல்ல, டேஷ் என்ற சிறிய ஷெல். பாஷுக்காக எழுதியது அதில் தடுக்கி விழலாம்.

நூலக ஸ்கிரிப்டின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

சுடோ ஏபிடி-கெட் அப்டேட்
சுடோ ஏபிடி-கெட் இன்ஸ்டால் -ஒய் ஐபஸ்-எம்17என்
சுடோ டைம்டேட்சிடிஎல் செட்-டைம்ஜோன் ஆசியா/கொல்கத்தா

'-ஒய்' இருப்பதால் 'நிறுவட்டுமா?' என்று கேட்டு நிற்காது. ஆசியா, கொல்கத்தா இரண்டுக்கும் முதலெழுத்தை மட்டும் பெரிய எழுத்தாகத் தட்ட வேண்டும். கையால் தட்டும்போது 'ஏபிடி' வசதி. ஸ்கிரிப்டுக்குள் 'ஏபிடி-கெட்' என்று எழுதுவது நல்லது. முன்னது மனிதர் பார்ப்பதற்கானது, அதன் நடையும் தோற்றமும் பதிப்புக்குப் பதிப்பு மாறலாம் என்று அதுவே எச்சரிக்கும்.

தோற்றால் நில்

ஒரு வரி தோற்றால் ஸ்கிரிப்ட் என்ன செய்யும்? எதுவும் நடக்காததுபோல அடுத்த வரிக்குப் போகும். எனக்கு இது பெரிய அதிர்ச்சி. நாமாக இருந்தால் பிழைச் செய்தியைப் பார்த்து நின்றிருப்போம். ஸ்கிரிப்டுக்கு அந்த நிதானம் கிடையாது. 2015-இல் பலரும் பயன்படுத்தும் ஒரு விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் ஸ்கிரிப்டில் இதே கதை நடந்தது. தன்னுடைய கோப்புறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டிய வரி, சில சூழ்நிலைகளில் தோற்றது. முகவரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகிவிட்டது. பிறகு வந்த 'ஆர்எம் -ஆர்எஃப்' வரி, அந்த வெறுமைக்குப் பின்னால் இருந்த '/' குறியை மட்டும் பார்த்து, மரத்தின் வேரிலிருந்தே அழிக்கத் தொடங்கியது. பயனரின் சொந்தக் கோப்புகள் எல்லாம் போயின. முதல் வரி தோற்றபோதே நின்றிருந்தால் எதுவும் ஆகியிருக்காது.

அதனால் '#!' வரிக்கு அடுத்த வரியாக 'செட் -இயூ' என்று எழுதிவிடுங்கள். 'இ' என்பது ஏதாவது தோற்றால் அங்கேயே நில் என்பது. 'யூ' என்பது இதுவரை மதிப்பே தராத பெயரைப் பயன்படுத்தினால் நில் என்பது. எல்லா விபத்தையும் இது தடுக்காது. ஆனால் மிகச் சாதாரணமாக நடப்பவற்றைத் தடுக்கும். 'ஷெல்செக்' என்ற கருவியையும் நிறுவிக்கொள்ளுங்கள். ஸ்கிரிப்டை அதனிடம் கொடுத்தால், மேற்கோள் குறி விட்டுப்போன இடம் முதல் ஆபத்தான அழிப்பு வரை சுட்டிக்காட்டும். பக்கத்தில் அனுபவசாலி ஒருவர் உட்கார்ந்து திருத்துவதுபோல இருக்கும்.

இரண்டாம் முறை ஓட்டினால் என்ன ஆகும்

மூன்றாவது கணினியில் ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது. இணைய இணைப்பு துண்டித்துவிட்டது. இணைப்பு வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். 'எம்கேடிர்' வரியில் நின்றது: அந்தக் கோப்புறை ஏற்கெனவே இருக்கிறதாம். அதைத் தாண்டிச் செல்லும்படி திருத்தி ஓட்டியபோது, அமைப்புக் கோப்பில் சேர்த்த வரி இரண்டு முறை சேர்ந்துவிட்டிருந்தது. அன்றைக்குத்தான் ஸ்கிரிப்ட் எழுதுவதில் மையமான விஷயம் எனக்குப் பிடிபட்டது.

கையால் செய்யும் வேலையில் 'இதைச் செய்' என்று நினைக்கிறோம். ஸ்கிரிப்டில் 'இது இப்படி இருக்கட்டும்' என்று நினைக்க வேண்டும். விளக்கேற்றச் சொல்லிவிட்டுப் போகும் பாட்டி, ஏற்கெனவே எரிகிற விளக்கின்மேல் இன்னொரு விளக்கை ஏற்றச் சொல்வதில்லை. எரியாமல் இருந்தால் ஏற்று, எரிந்தால் விட்டுவிடு என்பதுதான் அவர் சொல்வதன் பொருள். ஸ்கிரிப்டும் அப்படி இருந்தால் ஒருமுறை ஓட்டினாலும் பத்து முறை ஓட்டினாலும் கடைசி நிலை ஒன்றாகத்தான் இருக்கும். பாதியில் நின்றாலும் பயமில்லை, மறுபடி ஓட்டலாம்.

சில கட்டளைகள் இயல்பாகவே இந்தக் குணம் கொண்டவை. 'ஏபிடி-கெட் இன்ஸ்டால்' ஏற்கெனவே இருக்கும் பேக்கேஜைத் திரும்ப நிறுவாது. புதிய பதிப்பு இருந்தால் மட்டும் மேம்படுத்தும். நேர மண்டலத்தை எத்தனை முறை வைத்தாலும் அதே நேர மண்டலம்தான். 'எம்கேடிர்' அப்படியில்லை, ஆனால் '-பி' சேர்த்தால் கோப்புறை இருந்தால் பேசாமல் கடந்துபோகும். '>>' போட்டுக் கோப்பில் வரி சேர்ப்பதுதான் தொல்லை. அது எதையும் பார்க்காது. ஐந்து முறை ஓட்டினால் ஐந்து வரி. அதற்கு இப்படி எழுத வேண்டும்:

கிரெப் -கியூ 'அந்த வரி' கோப்பு || எக்கோ 'அந்த வரி' >> கோப்பு

'கிரெப்' கோப்புக்குள் தேடும். '-கியூ' என்றால் திரையில் எதையும் காட்டாமல் தேடு. நடுவில் இருக்கும் இரண்டு செங்குத்துக் கோடுகள் குழாய் அல்ல; 'முன்னது தோற்றால் மட்டும் பின்னதைச் செய்' என்று பொருள். வரி இருந்தால் கிரெப் வெற்றி, அத்தோடு சரி. இல்லையென்றால் கிரெப் தோல்வி, அப்போது மட்டும் வரி சேரும். ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச் செல்கிறது. 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. இந்தச் சின்ன எண்ணை வைத்துத்தான் ஷெல் முடிவெடுக்கிறது. இப்படி நாமே சோதித்துப் பார்க்கும் தோல்விக்கு 'செட் -இ' ஸ்கிரிப்டை நிறுத்தாது என்பதும் நல்லது.

விசைப்பலகை யாருடையது

எட்டுக் கணினிகளிலும் ஓட்டி முடித்து, எல்லாம் பிழையில்லாமல் முடிந்திருப்பதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை நூலகத்துக்கு வரும் கல்லூரி மாணவி ஒருத்தி அழைத்தாள். "அண்ணா, தமிழ் எழுத்தெல்லாம் நல்லாத் தெரியுது. ஆனா தட்டினா இங்கிலீஷ்தான் வருது. எந்தக் கம்ப்யூட்டர்லயும் தமிழ் கீபோர்டு இல்ல." எட்டிலுமா என்று கேட்டேன். எட்டிலும்தான்.

காரணம் இதுதான். எந்தெந்த விசைப்பலகைகள் வேண்டும் என்பதை 'ஜிசெட்டிங்ஸ்' என்ற கட்டளையால் அமைத்திருந்தேன். எழுத்துருவும் பேக்கேஜும் கணினிக்கு உரியவை. ஒருமுறை நிறுவினால் எல்லோருக்கும் கிடைக்கும். விசைப்பலகைத் தேர்வோ ஆளுக்கு உரியது. அவரவர் ஹோம் கோப்புறைக்குள் இருக்கும். வரிக்கு வரி சுடோ இருந்தது போதாதென்று, மொத்த ஸ்கிரிப்டையும் சுடோ போட்டு ஓட்டியிருந்தேன். ஜிசெட்டிங்ஸும் ரூட்டாக நின்று ஓடியது. கட்டளை வெற்றி, எண் 0, பிழை எதுவும் இல்லை. அமைப்பு போய்ச் சேரவேண்டிய, நூலக வாசகர்கள் நுழையும் கணக்கில் மட்டும் எதுவும் மாறவில்லை. கட்டளை பிழையில்லாமல் முடிந்தது என்பதும் நமக்கு வேண்டியது நடந்தது என்பதும் ஒன்றல்ல என்று அன்றைக்குக் கற்றேன்.

ஸ்கிரிப்டை இரண்டாகப் பிரித்தேன். ஒன்று கணினிக்கு: பேக்கேஜ், நேரம், இடிசிக்குள் போகும் எல்லாம். இதை நிர்வாகக் கணக்கிலிருந்து சுடோவோடு ஓட்டலாம். இன்னொன்று ஆளுக்கு: விசைப்பலகை, எழுத்தின் அளவு, மேசைப் பின்னணி. இதை வாசகர் கணக்கில் நுழைந்து, சுடோ இல்லாமல் ஓட்ட வேண்டும். ஓட்டிய பிறகு ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால்தான் புதிய விசைப்பலகையை ஐபஸ் கண்டுகொள்ளும். உங்கள் சொந்த மடிக்கணினிக்கு ஸ்கிரிப்ட் எழுதினாலும் இந்தப் பிரிவினையை முதல் நாளிலேயே செய்துகொள்ளுங்கள். இரண்டாவது ஸ்கிரிப்டை வேறு கணினிக்கும், வேறு லினக்ஸ் வகைக்கும்கூடப் பெரிதாக மாற்றாமல் கொண்டுபோக முடியும்.

நீங்கள் தொடங்க

ஏற்கெனவே உபுண்டு வைத்திருப்பவர்கள் வெற்றுக் கோப்பிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. 'ஏபிடி-மார்க் ஷோமேனுவல்' என்று தட்டுங்கள். மற்றொன்றின் துணைக்காக வந்தவை தவிர, கேட்டு நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியல் வரும். முதலில் நிறுவும்போதே வந்தவையும் அதில் கலந்திருக்கும். அவற்றைக் கழித்துவிட்டால் மீதி உங்கள் தேவைகளின் பட்டியல்தான். அதை ஸ்கிரிப்டுக்குள் வையுங்கள்.

பழக உங்கள் வேலைக் கணினி வேண்டாம். கணினிக்குள் இன்னொரு கணினியைப் போல ஓடும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு உபுண்டுவை நிறுவி, சுத்தமான நிலையை ஸ்னாப்ஷாட் எடுத்து வையுங்கள். ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், கெட்டுப்போனால் ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்புங்கள், திருத்தி மறுபடி ஓட்டுங்கள். நான் இதை முதலிலேயே செய்திருந்தால் அந்த மாணவி அழைத்திருக்க மாட்டாள். விண்டோஸ் மட்டும் இருப்பவர்கள் அதற்குள்ளேயே லினக்ஸ் கட்டளை வரியைத் தரும் டபிள்யூஎஸ்எல் வசதியில் பெரும்பாலானவற்றைப் பழகலாம்.

இணையத்தில் பல இடங்களில் 'இந்த ஒரு வரியை ஒட்டினால் போதும்' என்று, இணையத்திலிருந்து கோப்பை இறக்கும் 'கர்ல்' கட்டளையின் வெளியீட்டைக் குழாய் வழியே நேராக பாஷுக்குள் ஊற்றும் வரியைத் தருவார்கள். முன்பின் தெரியாதவர் எழுதிய ஸ்கிரிப்டை, படிக்காமலேயே உங்கள் கணினியில் ஓட்டுவது அது. முதலில் கோப்பாக இறக்குங்கள், லெஸ்ஸில் திறந்து படியுங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். இவ்வளவு தூரம் படித்தவருக்கு அந்தக் கோப்பில் பாதியாவது புரியும்.

கணினிகள் ஐம்பது, நூறு என்று ஆகும்போது ஆன்சிபிள் போன்ற கருவிகள் இருக்கின்றன. 'இது இப்படி இருக்கட்டும்' என்று எழுதினால், ஏற்கெனவே அப்படி இருக்கிறதா என்று பார்ப்பதைப் பெரும்பாலும் அவையே கவனித்துக்கொள்ளும். எட்டுக் கணினிக்கு எனக்கு அது தேவைப்படவில்லை. பாஷில் ஒருமுறை கையைச் சுட்டுக்கொண்ட பிறகு அதைக் கற்பது சுலபம் என்று மட்டும் சொல்வேன்.

ஸ்கிரிப்டில் '#' குறியோடு தொடங்கும் வரியைப் பாஷ் கண்டுகொள்ளாது. அது மனிதருக்கான குறிப்பு, தமிழிலேயே எழுதலாம். அடுத்த வரி என்ன செய்கிறது என்பது கட்டளையிலேயே தெரியும். ஏன் அப்படி எழுதினீர்கள் என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து நூலகத்துக்கு ஒன்பதாவது கணினி வந்தபோது நான் ஊரில் இல்லை. ஸ்கிரிப்டுகள் இருந்த பென்டிரைவை வைத்து அந்த மாணவியே அமைத்துவிட்டாள். இரண்டாவது ஸ்கிரிப்டின் உச்சியில் நான் எழுதிவைத்திருந்த குறிப்பைப் படித்துவிட்டுத்தான் ஓட்டினாளாம்:

# இதைச் சுடோ போட்டு ஓட்டாதீர்கள். வாசகர் கணக்கில் நுழைந்து ஓட்டுங்கள். இல்லையென்றால் தமிழ் விசைப்பலகை ரூட்டுக்குப் போய்விடும், வாசகருக்கு வராது.